முட்டி வலிக்கு ஊசியா, பயிற்சியா?

பொன்னேரிப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் முட்டி வலி வராமல் பேச்சு முடியாது. ஒருவர், "ஊசி போட்டுக்கிட்டேன், மூணு மாசம் வலியே தெரியல" என்பார். அடுத்தவர், "நானும்தான் போட்டேன், பத்து நாள்கூடத் தாங்கல" என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவருக்கு மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு மருந்து போயிருக்கும். மற்றவருக்குத் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போடும் சாதாரண வலி ஊசி. பிசியோதெரபியிலும் இதே குழப்பம்தான். "பிசியோ போனேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்பவரைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், பத்து நாள் கட்டிலில் படுத்து முட்டிக்குக் கரெண்ட் வைத்துக்கொண்டு, மெழுகு ஒத்தடம் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். ஒரு நாள்கூட அவரை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் "ஊசி நல்லதா, பிசியோ நல்லதா" என்ற கேள்விக்குப் பதில் தேடும் முன், எந்த ஊசி, எந்த பிசியோ என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிரித்துக்கொண்டால் பதில் அவ்வளவு சிக்கலானதல்ல.

முதலில் முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் முனையிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு: குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது தேய்வதால் மட்டும் வலிக்காது. வலிப்பது அதன் அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள உறையில் ஏற்படும் அழற்சியும், பலவீனமான தசைகள் தாங்க முடியாமல் விட்டுவிடும் பாரமும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்த முட்டியோடு ஒருவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பதும், படத்தில் லேசான தேய்மானமே உள்ள இன்னொருவர் படியேற முடியாமல் தவிப்பதும் இதனால்தான். தேய்ந்தது திரும்ப வளராவிட்டாலும் வலி குறைய முடியும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஊசி, பயிற்சி இரண்டுமே குருத்தெலும்பை வளர்த்துக் கொடுப்பதில்லை. வளர்க்கும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

வலிக்கிறது என்று நடையைக் குறைக்கிறோம். குறைத்ததும் தொடையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது. முட்டிக்கு வரும் அதிர்வைத் தாங்க வேண்டிய தசை அதுதான். அது மெலிந்ததும் ஒவ்வோர் அடியின் பாரமும் மூட்டிலேயே இறங்குகிறது, வலி கூடுகிறது, நடை இன்னும் குறைகிறது. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பி ஓய்வாலேயே முடங்கிப்போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

இது அரிதான நோயல்ல. இந்தியாவின் ஐந்து ஊர்களிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும் நாற்பதைத் தாண்டிய ஏறத்தாழ 5,000 பேரைப் பார்த்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. பெண்களிடம் கூடுதல். நம் பகுதியின் வேலைகளும் முட்டியை விட்டுவைப்பவை அல்ல. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் குனிந்து தடவிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள், நாற்று நடுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முழுக்கக் கான்கிரீட் தரையில் நிற்பவர்கள் என்று பட்டியல் நீளும். பாரத்தோடு குந்துவதும் மண்டியிடுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் முட்டிக்குக் கேடு என்பது உலகமெங்கும் பார்த்ததுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 45 வயதைத் தாண்டியவர், வேலை செய்யும்போது முட்டி வலிக்கிறது, காலையில் எழுந்ததும் இருக்கும் பிடிப்பு அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால், தேய்மானம் என்று முடிவு கட்ட ஸ்கேனோ எக்ஸ்ரேயோகூடக் கட்டாயமில்லை என்கிறது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமான 'நைஸ்' 2022-இல் வெளியிட்ட நெறிமுறை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை வேறு நல்ல வழியில் செலவழிக்கலாம்.

ஊசியையும் பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த முக்கியமான ஆய்வு 2020 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில், கெயில் டெய்ல் என்ற பிசியோதெரபிஸ்ட் தலைமையில் நடந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேர், சராசரி வயது 56. சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூட்டுக்குள் 40 மில்லிகிராம் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. தேவைப்பட்டால் ஆண்டுக்கு மூன்று முறை வரை. மறுபாதிக்கு முதல் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் எட்டு முறை வரை பிசியோதெரபி. பிறகு நான்காம் மாதமும் ஒன்பதாம் மாதமும் மறுபடி சில முறை.

வலி, பிடிப்பு, அன்றாட வேலையில் சிரமம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 240 வரை மதிப்பெண் போட்டார்கள். எண் குறையக் குறைய நல்லது. தொடக்கத்தில் இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான், 107-க்கும் 109-க்கும் இடையில். ஓராண்டு முடிவில் ஊசிக் குழு 55.8, பிசியோதெரபிக் குழு 37. உணரும்படியான முன்னேற்றமே இல்லாதவர்கள் ஊசிப் பக்கம் நான்கில் ஒருவர், பிசியோ பக்கம் பத்தில் ஒருவர்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஊசி தோற்கவில்லை, அந்தக் குழுவும் பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னொன்று, ஊசிக் குழுவில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். சிலருக்கு அபாரமாகக் கேட்டது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிசியோ குழுவில் முன்னேற்றம் பரவலாகவும் சீராகவும் இருந்தது. ஊசி யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான வழி இன்னும் இல்லை.

அந்த ஆய்வில் கொடுத்த பிசியோ எது? அதைச் சொல்லாமல் அதன் முடிவை மட்டும் சொல்வது ஏமாற்று வேலை. சிகிச்சையாளர் தன் கையால் முட்டியை நீட்டி மடக்கி, இறுகிய திசுக்களைத் தளர்த்தினார். தளர்த்திய கையோடு, அதே அசைவைப் பயன்படுத்தும் பயிற்சிகளைச் செய்ய வைத்தார். வீட்டிலும் செய்யச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை வந்ததும் எது வலித்தது என்று கேட்டு மாற்றியமைத்தார். அதன் உயிர்நாடி கையும் பயிற்சியும்தான், கரெண்ட் பெட்டி அல்ல. மேலே சொன்ன 'நைஸ்' நெறிமுறை, மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட், ஐ.எஃப்.டி., டென்ஸ் போன்ற மின்சிகிச்சைகளைத் தரவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது, பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லாததால். நம் ஊர்களில் பிசியோ என்றாலே அந்தப் பெட்டிதான் என்று ஆகிவிட்டது. நோயாளிகளும் பழகிவிட்டார்கள், கரெண்ட் வைக்காத பிசியோதெரபிஸ்ட் சரியில்லை என்று இடம் மாறுபவர்களும் உண்டு. பெட்டியை மாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போவது கிளினிக்குக்கும் வசதி, படுத்திருப்பது நமக்கும் வசதி. முட்டிக்குத்தான் வசதியில்லை.

பிசியோவுக்கு ஆதரவாக இவ்வளவு எழுதிய பிறகு, எதிர்த்தரப்பையும் வைத்துவிட வேண்டும். 2020 ஆய்வில் யாருக்கு என்ன சிகிச்சை என்பது அவரவருக்குத் தெரியும். பிசியோ குழுவினர் ஓராண்டில் சராசரியாகப் பன்னிரண்டு முறை போய்ச் சிகிச்சையாளரைப் பார்த்தார்கள். ஊசிக் குழுவினர் போட்டுக்கொண்ட ஊசி சராசரியாக 2.6. பன்னிரண்டு முறை ஒருவர் அக்கறையோடு விசாரித்து, தொட்டுப் பார்த்து, தைரியம் சொன்னால் அதிலேயே பாதி வலி போகாதா? இந்தச் சந்தேகம் நியாயமானது. டென்மார்க்கில் 206 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2022-இல் வந்தது. ஒரு குழுவுக்கு எட்டு வாரம் பயிற்சியும் பாடமும். மற்றக் குழுவுக்கு மூட்டுக்குள் வெறும் உப்புநீர் ஊசி நான்கு முறை. இது உப்புநீர்தான் என்று சொல்லியே போட்டார்கள். வலி குறைந்ததில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை!

இதைப் படித்துவிட்டுப் பயிற்சி வீண் என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. பயிற்சியால் கிடைக்கும் வலி நிவாரணம் நடுத்தரமானது, மந்திரமல்ல என்பதைத்தான் இது காட்டுகிறது. வலி மதிப்பெண்ணில் வராத சில ஆதாயங்கள் பயிற்சிக்கு உண்டு. தொடைக்குப் பலம் வருகிறது, விழும் பயம் குறைகிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்படுகின்றன. உப்புநீர் இதில் எதையும் தராது. அதோடு, ஊசி போட்டதும் கிடைக்கும் நிம்மதியில் ஒரு பங்கு மருந்தால் அல்ல, ஊசி போட்டுக்கொண்டதாலேயே வருவது என்பதையும் இந்த ஆய்வு சொல்லாமல் சொல்கிறது.

இனி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடுப்பில் போடும் வலி ஊசிக்கும் மூட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்து ரத்தத்தில் கலந்து சில மணி நேரம் வலியை மறைக்கும், அவ்வளவுதான். வாரா வாரம் போட்டுக்கொண்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளையும் மாத்திரைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது புத்திசாலித்தனம். அப்படிக் கலந்தவை இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டுக்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. 1951-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹாலண்டர் என்ற மருத்துவர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்தி வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அழற்சியை இது வேகமாக அடக்கும். நீர் கோத்து வீங்கிய முட்டி சில நாட்களில் வடியும். ஆனால் பலன் நீடிப்பது 2 முதல் 10 வாரம் என்பதே 'நைஸ்' தரும் கணக்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று காக்ரேன் அமைப்பு 2015-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது.

அடிக்கடி போட்டால்? 2017-இல் 'ஜாமா' இதழில் பாஸ்டன் மருத்துவர் டிமத்தி மெக்காலிண்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். 140 பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள். பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப்பேருக்கு உப்புநீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முடிவில் வலியில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு குழுவில் 0.21 மில்லிமீட்டரும் உப்புநீர்க் குழுவில் 0.10 மில்லிமீட்டரும் மெலிந்திருந்தது. கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று போட்டுக்கொண்டே போவதில் பொருளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம் மாநிலத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு கொஞ்சம் ரத்தத்திலும் கலந்து, சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை சர்க்கரையை ஏற்றிவிடும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது பெரிய ஏற்றமாகவே இருக்கும். ஊசி போடும் டாக்டரிடம் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்த ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜெல் ஊசி. மக்கள் இதற்கு "கிரீஸ் ஊசி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே இருக்கும் ஹயலுரானிக் அமிலத்தை வெளியிலிருந்து செலுத்துவது. விலை ஆயிரக்கணக்கில். 2022-இல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்த தொகுப்பாய்வு 169 ஆய்வுகளையும் இருபத்தோராயிரத்துச் சொச்சம் பேரையும் கணக்கில் எடுத்தது. போலி ஊசியைவிட வலி குறைந்தது உண்மை. ஆனால் நோயாளிக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. மோசமான பக்கவிளைவுகள் சற்றே கூடுதல். 'நைஸ்' இதைத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர்களில் இது இன்னும் தாராளமாகப் போடப்படுகிறது.

ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் பிரித்து மறுபடி முட்டிக்குள் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி இப்போதைய நாகரிகம். ஆஸ்திரேலியாவில் கிம் பென்னல் என்ற ஆய்வாளரின் குழு 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட 'ரீஸ்டோர்' ஆய்வில், ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீருக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. வேறு சில சிறிய ஆய்வுகள் சாதகமாக வந்திருக்கின்றன என்பதால் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் கைக்காசைச் செலவழித்து விவாதத்தில் நாம் சேர வேண்டியதில்லை.

சான்று இப்படியிருக்க, பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் பலர் ஊசியையே கேட்பது ஏன்? அறியாமை என்று எழுதுவது எளிது, நியாயமல்ல. ஊசிக்கு ஒரு நாள் லீவு போதும். பிசியோ என்றால் எட்டோ பத்தோ நாட்கள் பாதி வேலையாவது போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வராத நாளுக்குச் சம்பளமில்லை. மீன் கூடையோடு போகும் பெண்ணுக்கும் அப்படித்தான். அமெரிக்க ஆய்வில் ஓராண்டுச் செலவு இரு குழுவுக்கும் ஏறக்குறைய சமம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கு பொன்னேரிக்குப் பொருந்தாது. இங்கே பிசியோவின் பெரிய செலவு கட்டணமல்ல, இழக்கும் கூலி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பயிற்சியைக் கற்றுக்கொள்ளத்தான் ஆள் வேண்டும், செய்ய ஆள் வேண்டாம். முதல் மாதத்தில் மூன்று நான்கு முறை போய்ச் சரியாகக் கற்றுக்கொண்டு, பிறகு மாதம் ஒரு முறை காட்டிவிட்டு வந்தால், பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கும். முதல் நாளே பிசியோதெரபிஸ்ட்டிடம், "எனக்குக் கரெண்ட் வேணாம், வீட்ல செய்யற மாதிரி பயிற்சி சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிடுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் போவதை நிறுத்திவிடலாம்.

எங்கே போவது? தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை, வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை தரும் திட்டமாகத்தான் பலர் அறிவார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதன் ஒரு பகுதி. பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும்தான் முதலிடம், அது நியாயமே. ஆனால் முட்டி வலியால் வாசல் தாண்டாத வயதானவர் வீட்டில் இருந்தால், ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லிக் கேட்கலாம். பொன்னேரியைச் சுற்றிய கிராமங்கள் பலவும், பழவேற்காடு வரை, மீஞ்சூர் வட்டாரத்தில் வருகின்றன. நடக்க முடிந்தவருக்குப் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரை வாங்குவதே முதல் படி. பெரிய இடம் வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. வடசென்னைப் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது.

சிப்காட் தொழிலாளர்கள் பலர் மறந்துவிடுவது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, அது உரிமை. அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. டாக்டர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியவருக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்றதும் பயந்துவிட வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்திருப்பது முதல் பாடம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பிடிப்பது அடுத்தது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது இடுப்புப் பக்கத் தசைக்கு. இதை விட்டுவிடுபவர்கள் அதிகம், ஆனால் நடையின் தள்ளாட்டத்தைச் சரிசெய்வது இதுதான். எல்லாவற்றிலும் முக்கியமானது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் மேலே தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், பலம் வர வர உயரத்தைக் குறையுங்கள். பத்து முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, மறுபடி பத்து. வாரத்துக்கு மூன்று நாளாவது. எளிதாகிவிட்டால் கடினமாக்க வேண்டும்; ஆறு மாதமாக அதே துண்டை அழுத்திக்கொண்டிருப்பவருக்குப் பலம் கூடாது.

வலித்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். பயிற்சியில் கொஞ்சம் வலிக்கும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'கிளாட்' என்ற பயிற்சித் திட்டத்தில் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வரை தாங்கலாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். திரும்பாவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டாம். அந்தத் திட்டம் ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகள் கொண்டது. பலன் தெரிய அத்தனை நாள் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே "ஒண்ணும் தெரியல" என்று விட்டவர்கள், தெரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே விட்டவர்கள்.

உடல் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஸ்டீபன் மெசியர் என்ற ஆய்வாளரின் குழு 2005-இல் அளந்து காட்டியது. வலி கடுமையான நாட்களில் குந்துவதையும் தரையில் நெடுநேரம் உட்காருவதையும் தவிர்க்க, வீட்டுக் கழிவறையில் உயரமான இருக்கை போட்டுக்கொள்ளலாம்; அதற்கு ஆகும் செலவு ஒரு ஜெல் ஊசியின் விலையைவிடக் குறைவு.

அப்படியானால் ஸ்டீராய்டு ஊசிக்கு இடமே இல்லையா? உண்டு. முட்டி திடீரென்று நீர் கோத்து, வலியால் தூக்கமில்லை, பயிற்சியைத் தொடங்கவே முடியவில்லை என்றால் ஒரு ஊசி போட்டு, கிடைக்கும் சில வாரங்களில் பயிற்சியைப் பிடித்துக்கொள்வது நல்ல யோசனை. மகளின் கல்யாண வேலைக்கு ஓடியாட வேண்டும் என்பதும் எனக்குச் சரியான காரணமாகவே படுகிறது. ஆனால் பயிற்சி செய்ய முடிகிறவருக்கும் முதலில் ஊசி போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. கோபன்ஹேகனில் 100 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஊசியோடு பயிற்சி தொடங்கியவர்களும் போலி ஊசியோடு தொடங்கியவர்களும் ஒரே அளவுதான் முன்னேறினார்கள். மறுபடி போடுவதானால் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். முதல் ஊசி கேட்காதவருக்கு இரண்டாவது எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி, பயிற்சி இரண்டுக்கும் பொருந்தாத சிலர் உண்டு. முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் அது தேய்மானம் அல்ல, கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்ட சில நாட்களில் இப்படி ஆனாலும் அப்படித்தான். கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, முட்டி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது என்றாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஒழுங்காக மூன்று நான்கு மாதம் பயிற்சி செய்தும் இரவில் வலி எழுப்புகிறது, தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியவில்லை என்றால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அதற்கு முன்பு செய்த பயிற்சி வீணாகாது. தொடையில் பலம் உள்ளவர் ஆபரேஷனுக்குப் பிறகு விரைவில் எழுந்து நடப்பார். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் மூட்டில் ஸ்டீராய்டு போட்டிருந்தால் புது மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும். அதனால் கடைசியாக எந்தத் தேதியில் என்ன ஊசி போட்டீர்கள் என்று எழுதிய சீட்டை, ஊசி போட்ட இடத்திலேயே கேட்டு வாங்கி, அறுவை சிகிச்சை நிபுணரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.